அப்பாவுக்கு பம்பிங் 32, அம்மாவுக்கு 58: இரண்டுமே ஹார்ட் ஃபெயிலியர்தானா?

கேள்வி சுருக்கமாக இது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் பெற்றோர். அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது, இப்போது பம்பிங் 32 சதவீதம். அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். ஒரு வருடமாக மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்தபோது பம்பிங் 58, நார்மல் என்று வந்தது. போன மாதம் கால் வீங்கி, படுக்க முடியாமல் அட்மிட் ஆனபோதுதான் அம்மாவுக்கும் ஹார்ட் ஃபெயிலியர் என்று சொன்னார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் கேட்கிறார்: பம்பிங் நன்றாக இருக்கும்போது இது எப்படி வரும்? பெண்களுக்கு இதில் ஆபத்து குறைவு என்கிறார்களே, உண்மையா? இரண்டு பேருக்கும் ஏன் வேறு வேறு மாத்திரை?

நான் ஈரோடு மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பதைப் போலவே, கணவருக்கு ஒரு மாதிரி, மனைவிக்கு இன்னொரு மாதிரி என்று வந்த தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வந்திருப்பதும் ஹார்ட் ஃபெயிலியர்தான். இந்த நோய் வந்த பெண்கள், அதே வயது ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல் காலம் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்தால் மூச்சு வாங்கல், அசதி, கால் வீக்கம், மனச்சோர்வு எல்லாமே பெண்களுக்குத்தான் கூடுதல். 'ஆபத்து குறைவு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பேரைக் கேட்டு இதயம் நின்றுபோய்விட்டது என்று கலங்க வேண்டாம். உடம்பு கேட்கிற ரத்தத்தை இதயத்தால் சிரமமில்லாமல் கொடுக்க முடியவில்லை, அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. அதுதான் இந்த நோய்.

பிரஷர் பார்க்கும்போது கையால் அமுக்குகிற ரப்பர் பல்பைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கினால் காற்று வெளியே போகும். விட்டால் விரிந்து மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். இதயமும் இந்த இரண்டு வேலையைத்தான் மாற்றி மாற்றிச் செய்கிறது. அப்பாவுக்கு அமுக்குகிற பலம் போய்விட்டது. மாரடைப்பில் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது, மிச்சம் இருப்பது இழுத்துப் பிடித்து ஓடுகிறது, அறை பெரிதாகித் தளர்ந்துவிட்டது. அம்மாவுக்கு நடந்தது வேறு. பத்து வருடப் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து இதயச் சுவரைத் தடிக்கவைத்து, ரப்பர் காய்ந்துபோன மாதிரி விறைப்பாக்கிவிட்டன. அமுக்கும் பலம் அப்படியே இருக்கிறது. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. உள்ளே வாங்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது மூச்சு வாங்குகிறது. தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலு எட்டு வேகமாக வைத்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் 58 என்ற எண்? அது ரத்தத்தின் அளவு இல்லை, விகிதம். 100 மில்லி பிடிக்கிற அறை 58 மில்லியை வெளியே தள்ளினால் 58 சதவீதம். சுவர் தடித்துப்போய் 60 மில்லிதான் பிடிக்கிற அறை 35 மில்லியைத் தள்ளினாலும் ரிப்போர்ட்டில் அதே 58தான் வரும். உடம்புக்குக் கிடைத்த ரத்தம் மட்டும் ஐந்தில் மூன்று பங்குதான். அதனால் மூச்சு வாங்குகிற ஒருவருக்கு 'பம்பிங் நார்மல், இதயத்தில் ஒன்றுமில்லை' என்று அந்த ஒரே எண்ணை வைத்துச் சொல்லி அனுப்பக் கூடாது. இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, இதயம் தளர்கிற வேகம் எப்படி, நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று எக்கோவிலேயே பார்க்கலாம். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு பொருளை அளக்கும் என்டி-புரோ-பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. உடம்பு பருத்தவர்களுக்கு அது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: எக்கோவில் சாதாரண அளவு ஆணுக்கு 52 முதல் 72 வரை, பெண்ணுக்கு 54 முதல் 74 வரை என்று அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ மருத்துவர் சங்கங்கள் 2015-இல் சேர்ந்து வகுத்தன. 53 என்பது ஆணுக்குச் சரி, பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. ரிப்போர்ட் அச்சடிக்கும்போது இந்த வித்தியாசத்தை எல்லா இடத்திலும் பார்ப்பதில்லை.

பம்பிங் 40-க்குக் கீழே போகிற முதல் வகையில் ஆண்கள் அதிகம், ஏனென்றால் மாரடைப்பு அவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது. பம்பிங் 50-க்கு மேலேயே இருந்துகொண்டு வருகிற இரண்டாவது வகையில் பாதிக்கு மேல் பெண்கள், அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு. பெண்ணின் இதயம் அளவில் சிறியது. பிரஷர் என்ற சுமை ஏறும்போது அறை விரிந்து கொடுக்காமல் சுவர் தடிக்கிற பக்கம்தான் அது போகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு ரத்தக் குழாய்கள் விறைப்பதும், பெரிய குழாயில் அடைப்பே இல்லாமல் இதயத்தின் நுண்ணிய குழாய்கள் கெடுவதும் பெண்களிடம் கூடுதல். ஆஞ்சியோ எடுத்து 'அடைப்பு இல்லை' என்று வந்ததும் வீடே நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதி பல பெண்களுக்கு ஒரு வருடத்தைத் தின்றிருக்கிறது.

சர்க்கரையின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 1974-இல் அங்கிருந்து வந்த கணக்கில், சர்க்கரை உள்ள ஆண்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். சர்க்கரை உள்ள பெண்களுக்கோ மற்ற பெண்களைவிட ஐந்து மடங்கு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் திசை அதேதான். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? அப்பாவின் சர்க்கரையைவிட அம்மாவின் சர்க்கரை இதயத்துக்குக் கூடுதல் கேடு என்று எந்த வீட்டிலாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

சரி, ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன். அதே ஃபிராமிங்ஹாமில் 1948 முதல் 1988 வரை ஹார்ட் ஃபெயிலியர் வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, பாதி ஆண்கள் 1.7 வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் இறக்க 3.2 வருடம் ஆகியிருந்தது. இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம் அது, அந்த எண்களை அப்படியே உங்கள் பெற்றோருக்குப் பொருத்த வேண்டாம். புதிய கணக்கும் இருக்கிறது. பம்பிங் குறைந்த சுமார் 15,000 பேர் கலந்துகொண்ட இரண்டு பெரிய மருந்து ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் அலசினார்கள். வயதையும் மற்ற நோய்களையும் சரிக்கட்டிப் பார்த்தால் பெண்கள் இறக்கும் வாய்ப்பு ஆண்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதே ஆய்வில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது பெண்களின் மதிப்பெண் மோசம். மூச்சு வாங்கலும் வீக்கமும் அவர்களுக்கு அதிகம், துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, தோலுக்கடியில் வைக்கும் ஐசிடி கருவியோ ஆண்களுக்குக் கிடைத்ததில் பாதி அளவுக்குத்தான் கிடைத்திருந்தது. அந்த 15,000 பேரில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் என்பதையும் கவனியுங்கள். நமக்குத் தெரிந்த மருந்து அளவுகள் பெரும்பாலும் ஆண்களின் உடம்பில் சோதித்துக் கண்டவை.

நம் பக்கத்துக் கணக்கு என்று பார்த்தால், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஒன்று நடந்தது. 2013-இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்து மருத்துவர்கள், அந்த மாவட்டத்து மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியரோடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோய் எழுபதைத் தாண்டித்தான் பெரும்பாலும் வருகிறது, நமக்குப் பத்து வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேல், 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சேர்ந்தவர்களில் பெண்கள் 31 சதவீதம். மாரடைப்பு வழியாக வருவது நம் நாட்டில் அதிகம் என்பதால் ஆண்கள் கூடுதலாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் முழுக்க அதுதான் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பகுதிப் பெண்கள் மருத்துவமனை வரைக்கும் வந்து சேரவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கணவருடைய பிரஷர் மாத்திரைக்குத் துணையாக மாதா மாதம் வருவார். இரண்டு எருமை, ஒரு மாடு. காலையிலும் சாயங்காலமும் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. ஒரு நாள் அறைக்குள் நடந்து வரும்போதே மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்லீங் கண்ணு, வயசாச்சில்ல" என்றார். கணவர் பக்கத்திலிருந்து, "அவ நல்லாத்தானுங்க இருக்கறா" என்றார். சொசைட்டி எவ்வளவு தூரம், வழியில் நிற்பீர்களா என்று கேட்டதும்தான் விஷயம் வந்தது. போன மாசி வரைக்கும் ஒரே நடையாகப் போனவர், இப்போது புளியமரத்தடியில் ஒரு தடவை, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஒரு தடவை கேனை இறக்கிவைத்து நிற்கிறார். பால் தாமதமாகப் போனால் திட்டு விழும் என்று கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார். நோய்க்கு ஏற்ற மாதிரி தன் நாளையே மாற்றிக்கொண்டுவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பாடப் புத்தகத்தில், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கும். பாயில் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவரிடம் அது எடுபடாது. "ராத்திரி எந்திரிச்சுத் திண்ணையில வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டேன். "ஆமாங், தெனமும்தானுங். புழுக்கம்னு உக்காருவேன்." மார்கழி மாதத்தில் என்ன புழுக்கம்? அவருடைய எக்கோவிலும் பம்பிங் 60.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆணுக்கு உடனே கார் ஏற்பாடாகிவிடும். 'மேலுக்கு அசதி' என்கிற பெண்ணுக்கு இரும்புச் சத்து டானிக், தைராய்டு டெஸ்ட், கேஸ் மாத்திரை, ஒரு குளுக்கோஸ் பாட்டில் என்று மாதங்கள் ஓடிவிடும். இதில் மருத்துவர்கள் நாங்களும் குற்றவாளிகள். ரத்தசோகை உண்மையிலேயே இருப்பதால் அதோடு நின்றுவிடுகிறோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆனால் ரத்தசோகையும் இதய நோயும் ஒரே உடம்பில் சேர்ந்தும் இருக்கும். இரும்புச் சத்துக் குறைவு ஹார்ட் ஃபெயிலியரை இன்னும் மோசமாக்கும், அதுவும் பெண்களிடம்தான் அதிகம். அம்மாவுக்கு ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச் சத்தைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு மட்டுமே வருகிற வழிகளும் இருக்கின்றன. உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சில வருடம் முன்பு 26 வயதுப் பெண் ஒருத்தி, இரண்டாவது பிரசவம் முடிந்து மூன்றாவது வாரம், அம்மா வீட்டில் இருந்தாள். இருமலும் இழுப்பும். "பச்ச ஒடம்புங்க, குளுந்த காத்துப் பட்டிருச்சு" என்றார் அவள் அம்மா. அதற்குள் இரண்டு இடத்தில் சளிக்கு ஊசி போட்டு, ஆவி பிடிக்க வைத்திருந்தார்கள். நாலு இரவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள். கைக்குழந்தைக்காரி ராத்திரி உட்கார்ந்துதானே இருப்பாள் என்று யாருக்கும் அது நோயாகப் படவில்லை. நான் பார்க்கும்போது நாடி 130, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. பம்பிங் 25. பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதத்துக்குள் வருகிற இதயத்தசை நோய் இது. இரட்டைக் குழந்தை, கர்ப்பகாலப் பிரஷர், தாமதமான கர்ப்பம் ஆகியவற்றில் கூடுதலாக வரும். நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் ஏறக்குறைய பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ பம்பிங் முழுதாகத் திரும்பிவிடும். அவளுக்கும் எட்டு மாதத்தில் திரும்பியது. அடுத்த குழந்தை வேண்டாம் என்பதை அவள் மாமியாரிடம் பேசிப் புரியவைக்கத்தான் அதைவிடக் கூடுதல் நேரம் ஆனது. பிரசவமான பெண் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால், பத்தியத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்களுக்குப் பிற்காலத்தில் ஹார்ட் ஃபெயிலியர் வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. உங்களைப் பெற்றபோது அம்மாவுக்கு அப்படி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது வருடம் கழித்தும் அது முக்கியமான தகவல்தான், மருத்துவர்கள் கேட்க மறந்துவிடுகிறோம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போவதும் பெண்களிடம் அதிகம். மார்பகப் புற்றுநோய்க்குப் போடுகிற சில மருந்துகளும் இதயத் தசையைக் கெடுக்கும், அவர்களுக்கு இடையிடையே எக்கோ அவசியம்.

இப்போது மாத்திரைகள். அப்பாவின் பட்டியல் நீளமாக இருக்கும், ஏனென்றால் பம்பிங் குறைந்த வகைக்கு உயிரைக் காக்கும் மருந்துகள் நாலு வகை உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. அம்மாவின் வகைக்கு ரொம்ப காலம் எந்த மருந்தும் தெளிவாகப் பலன் காட்டவில்லை. 2021, 2022-இல் வந்த ஆய்வுகளில்தான் சர்க்கரைக்கு என்று வந்த எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் இந்த வகையிலும் மறுபடி அட்மிட் ஆவதைக் குறைத்தன. ஆண் பெண் இருவருக்கும் பலன் ஒன்றுதான், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் உண்டு. டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-இல் காப்புரிமை முடிந்ததால் விலை நன்றாகக் குறைந்துவிட்டது. ஒன்றே ஒன்று: சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், பெண்களுக்குக் கூடுதலாக வரும். மகனிடமோ ஆண் மருத்துவரிடமோ சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். மூன்று நாள் களிம்பில் போகிற அரிப்பு அது. உங்கள் மனைவியோ அக்காவோ அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். வாந்தி பேதி, முழுநாள் விரதம் என்றால் அந்த நாளில் அந்த மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாக்யூபிட்ரில் வால்சார்டன் என்ற மருந்தை அம்மாவின் வகையில் சுமார் 4,800 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் உறுதியாகவில்லை. பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இதயக் காரணத்தால் இறப்பதும் அட்மிட் ஆவதும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது, ஆண்களுக்கு எதுவும் குறையவில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கிற கணக்கை முழுதாக நம்பிவிட முடியாதுதான். ஆனாலும் சில மருத்துவர்கள் பெண்களுக்கு அதைக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மருந்தின் அளவிலும் வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் 11 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றில், பம்பிங் குறைந்த ஆண்களுக்கு முழு அளவு கொடுத்தபோது அதிகப் பலன் கிடைத்தது. பெண்களுக்குப் பாதி அளவிலேயே அந்தப் பலன் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் கூட்டினாலும் கூடுதலாக எதுவும் வரவில்லை. ஆசிய நாட்டு நோயாளிகளிடமும் அதே போக்கு தெரிந்தது. பெண் உடம்பில் மருந்து கழிவது மெதுவாக நடப்பதால் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக நிற்கிறது. டிஜாக்சின் பழைய உதாரணம்: 1997-இல் வந்த ஆய்வை 2002-இல் மறுபடி அலசியபோது, அதைச் சாப்பிட்ட பெண்கள் சாப்பிடாத பெண்களைவிட அதிகம் இறந்திருந்தார்கள். ஆணுக்குப் பொருந்துவது பெண்ணுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதன் விலை அது. இதைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்க வேண்டாம். தலைசுற்றல் வந்தால், அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள், அவ்வளவுதான். பக்கவிளைவு ஆண்களுக்கும் உண்டு. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும் ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மார்பு வீங்கி வலிக்கும். அப்பாக்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். மாற்று மருந்து இருக்கிறது.

நீர் மாத்திரையைப் பற்றி ஒரு பாரா எழுதியே ஆக வேண்டும். மறுபடி மறுபடி அட்மிட் ஆகிற பெண்களிடம் நிதானமாகக் கேட்டால் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு, சந்தைக்கு, மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போகிற நாள்களில் நீர் மாத்திரையைப் போட மாட்டார்கள். போட்டால் மூன்று மணி நேரத்துக்குள் நாலு தடவை போக வேண்டும், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை இருக்கிற நிலை உங்களுக்குத் தெரியும். ஆண் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்வார். பனியன் கம்பெனியிலும் மில்லிலும் ஷிஃப்டில் நிற்கிற பெண்களுக்கும் இதே பாடுதான். முகூர்த்த மாதத்தில் நாலு கல்யாணம் வந்தால் நாலு நாள் மாத்திரை போச்சு, ஐந்தாம் நாள் கால் வீங்கிவிடும். இதற்கு வழி எளிது: வெளியே போகிற நாளில் வீடு திரும்பிய பிறகு மத்தியானமோ நாலு மணிக்கோ போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

அடுத்தது முட்டி வலி மாத்திரை. மெடிக்கலில் பத்து ரூபாய்க்கு வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திவிடும். நீர் மாத்திரை செய்கிற வேலையை அது எதிர்ப் பக்கம் இழுக்கும். அம்மா வயதில் முட்டி வலி இல்லாத பெண் அபூர்வம். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளட்டும், மற்றது வேண்டாம்.

கருவி வைத்தியத்தில் ஒரு வரி. இதயத்தின் இரு பக்கமும் சேர்ந்து துடிக்க வைக்கிற சிஆர்டி பேஸ்மேக்கர், தேவைப்படும் பெண்களுக்கு ஆண்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் குறைவாகத்தான் வைக்கப்படுகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது. எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். தினமும் காலைக்கடன் முடித்த பிறகு, சாப்பிடும் முன், இரண்டு பேரும் ஏறி நிற்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர்தான், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் எடைக்கு முன்னாலேயே தெரிகிற அடையாளங்கள் உண்டு: கொலுசு பதிந்து தடம் விழுவது, மெட்டி இறுகுவது, பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் கட்ட முடியாமல் தளர்த்திக் கட்டுவது. வயிற்றில் நீர் கோப்பதை முதலில் சொல்வது அந்த நாடாதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். அவர்களிடம் அம்மாக்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

உப்பு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இவற்றை நிறுத்தினாலே பெரும் பகுதி குறைந்துவிடும். பழைய சோற்றுக்கு மோர் மிளகாய் இல்லாமல் இறங்காது என்பார்கள், சின்ன வெங்காயத்தோடு பழகிக்கொள்ளட்டும். தோட்டத்து இளநீரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: ஸ்பைரனோலாக்டோன், சாக்யூபிட்ரில் மாதிரி மாத்திரைகளோடு தினமும் இளநீர் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சோடியம் குறைவு என்று விற்கிற உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் யோசியுங்கள். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது அம்மா அவருக்கு உப்பில்லாமல் தனியாக ஆக்கிப் போட்டிருப்பார், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போயிருப்பார். இப்போது அம்மாவுக்கு அதைச் செய்வது யார்? பெண்களின் வாழ்க்கைத் தரம் ஏன் மோசமாக இருக்கிறது என்று ஆய்வுகள் பல காரணம் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் நான் பார்த்தது, மாத்திரை போட்டுக்கொண்ட கையோடு சாணி அள்ளப் போகிறார்கள் என்பதுதான். அட்மிட் ஆகி வந்த மூன்றாம் நாள் மாடு கறக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். முடிந்தால் மாட்டைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது விடுங்கள். நடக்கலாம், மூச்சு வாங்காத அளவுக்குத் தினமும் நடப்பது நல்லது. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டு, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிப் போகும்போது பழைய எக்கோ, புது எக்கோ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது மேலறையின் அளவு, ஃபெரிட்டின், பொட்டாசியம், நீர் மாத்திரையின் நேரம், முட்டி வலிக்கு என்ன போடலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கல் எப்படி என்று மருத்துவர் கேட்டால், போன தைப்பூசத்துக்குச் சென்னிமலைப் படியில் எத்தனை ஏறினார், இந்தத் தைப்பூசத்துக்கு எத்தனை ஏறினார் என்று கணக்காகச் சொல்லுங்கள். அப்பாவையும் உங்களையும் அஞ்சு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லி, அம்மாவைத் தனியாகப் பேச விடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். திண்ணையில் உட்காருகிற கதை அப்போதுதான் வெளியே வரும்.